16 வயதுப் பையன், ஒரு மின்னஞ்சல், ஏ.எஃப்.எல். டிராஃப்ட்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 · ராத்திரி_டிரைவர் · நவம்பர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் கிரிக்கெட்தான் ஓடும் என்று தெரியும். ஆனாலும் மெல்பர்னில் இருக்கிற நம்மவர்களில் நாலு பேராவது ஃபுட்டி (ஏ.எஃப்.எல். லீகில் ஆடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்து) பார்ப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

என் மகனுக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் 17 நிறைகிறது. ஏழு வயதில் ஆஸ்கிக்கில் (சின்னப் பிள்ளைகளுக்கான ஃபுட்டிப் பயிற்சி) சேர்ந்தான். சேர்த்துவிட்டது நான் இல்லை, பக்கத்து வீட்டு அம்மா. தன் பையனைச் சனிக்கிழமை காலையில் கூட்டிப் போகும்போது இவனையும் காரில் ஏற்றிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு உள்ளூர் கிளப், 12 வயதுப் பிரிவு, 14, 16 என்று போய்விட்டது. போன வாரம் எங்கள் வட்டார 18 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கோடைக்காலப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் மூன்று நாள், பிப்ரவரியில் ஆட்களைக் குறைத்து இறுதிப் பட்டியல் போடுவார்களாம்.

பையன் தரையில் நடக்கவில்லை. என் மனைவி சாப்பிடவில்லை. அடுத்த வருடம்தான் பன்னிரண்டாம் வகுப்பு. அவன் ஆடும்போது யாராவது ஓடிவந்து இடித்தால் கண்ணை மூடிக்கொள்கிறவள் அவள்.

இந்தப் பாதை உண்மையில் எப்படி இருக்கும்? கூட வேலை செய்கிற ஆஸ்திரேலியர்களைக் கேட்டால் "சூப்பர் மேட்" என்கிறார்களே தவிர, யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை.

#2 · பழைய_கோலிங்வுட்

தம்பி, முதலில் வாழ்த்துகள். நான் 1988-இல் இங்கே வந்தவன். கோலிங்வுட் 32 வருடக் காத்திருப்புக்குப் பிறகு 1990-இல் கோப்பை எடுத்த அன்று எங்கள் தெரு முழுக்க அழுததைப் பார்த்து, இது என்னடா விளையாட்டு என்று உட்கார்ந்தவன் இன்னும் எழும்பவில்லை.

விக்டோரியாவை 12 வட்டாரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு 18 வயது அணி இருக்கிறது. ஓக்லி சார்ஜர்ஸ், சாண்ட்ரிங்ஹம் டிராகன்ஸ் எல்லாம் நகரத்துப் பக்கம். டாண்டினோங் ஸ்டிங்ரேஸ், கிப்ஸ்லாண்ட் பவர், பெண்டிகோ பயனியர்ஸ், மரே புஷ்ரேஞ்சர்ஸ் எல்லாம் நாட்டுப்புறக் கணக்கு. டாஸ்மேனியாவும் சேர்ந்து ஆடுகிறது. 1992-இல் தொடங்கியது. நெடுநாள் டி.ஏ.சி. கோப்பை என்று பெயர், பிறகு நாப் லீக், இப்போது கோட்ஸ் டேலண்ட் லீக். ஸ்பான்சர் மாறினால் பெயரும் மாறும், எங்களைப் போன்ற கிழவர்களுக்கு இன்னும் டி.ஏ.சி.தான்.

இதில் நன்றாக ஆடினால் மாநில அணி. விக்டோரியாவுக்கு மட்டும் நகரம், நாட்டுப்புறம் என்று இரண்டு. வருட நடுவில் மாநிலங்களுக்கிடையே 18 வயதுச் சாம்பியன்ஷிப் நடக்கும். எல்லா ஏ.எஃப்.எல். கிளப்பின் ஆள்தேடிகளும் அங்கே தொப்பி போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். அப்புறம் காம்பைன் என்று ஒரு சோதனை: 20 மீட்டர் ஓட்டம், நின்றபடி குதிப்பது, ஓடிவந்து குதிப்பது, வளைந்து ஓடுவது, கடைசியில் 2 கிலோமீட்டர் ஓட்டம். 20 மீட்டரை 3 விநாடிக்குள் ஓடினால் நல்ல வேகம் என்பார்கள். கிளப்காரர்கள் பையனை உட்கார வைத்துப் பேசுவார்கள். வீட்டுக்கும் வருவார்கள். அம்மாவிடம் பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் விசாரிப்பார்கள். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம் மாதிரியே இருக்கும், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை.

நவம்பரில் டிராஃப்ட். அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 18 நிறைகிறவர்கள்தான் பெயர் கொடுக்கலாம். உன் பெடியனுக்கு அடுத்த வருடமே அந்த வருடம்.

#3 · புதுசா_வந்தவன்

மன்னிக்கவும், பிரிஸ்பேனுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. டிராஃப்ட் என்றால் ஐ.பி.எல். ஏலம் மாதிரியா?

#4 · கணக்கு_வாத்தி

இல்லை, அதற்கு நேர் எதிர். ஏலத்தில் காசு அதிகம் வைக்கிறவனுக்கு வீரர். இங்கே வரிசைதான் எல்லாம். போன சீசனில் கடைசியாக வந்த கிளப்புக்கு முதல் தேர்வு, கோப்பை எடுத்த கிளப்புக்கு 18-ஆவது, பிறகு மறுபடி முதலிலிருந்து. (கிளப்புகள் தங்களுக்குள் இந்த இடங்களை மாற்றிக்கொள்ளும். அதைத் தனியாக எழுதினால் ஒரு புத்தகம் ஆகும்.) முதல் வருடச் சம்பளம் வீரர் சங்க ஒப்பந்தப்படி, பையன் பேரம் பேச முடியாது. முக்கியமாக, எந்த ஊர் என்பதும் அவன் கையில் இல்லை. மெல்பர்ன் பையன் பெயரை பெர்த் கிளப் வாசித்துவிட்டால் ஒரு வாரத்தில் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

1986-இல் கொண்டுவந்தார்கள். அதுவரை காசுள்ள பெரிய கிளப்புகள் நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டிருந்தன.

டிரைவர் சார், உங்களுக்குக் கணக்கு மட்டும் சொல்கிறேன். 18 கிளப், ஒவ்வொன்றிலும் 40-க்குச் சற்று மேல் வீரர்கள், மொத்தம் ஏறக்குறைய 800 பேர். ஒவ்வொரு நவம்பரும் தேசிய டிராஃப்டில் 60, 70 பெயர்கள் வாசிப்பார்கள். விக்டோரியாவின் 12 அணிகளில் அணிக்கு 50 பேர் என்று வைத்தாலே 600 பையன்கள். அதற்கு மேல் தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு, டாஸ்மேனியா, குவீன்ஸ்லாந்து, சிட்னி. பையன் போகட்டும், ஆனால் கணக்குப் பாடத்தை விடவேண்டாம்.

#5 · பெர்த்_அக்கா

வாத்தி சொன்ன பெட்டி கட்டுகிற கதை எங்கள் பக்கம் தலைகீழாக நடக்கும். 2023-இல் முதல் தேர்வு ஹார்லி ரீட். விக்டோரியாவின் வடக்கே டொங்கலா என்ற சின்ன ஊர்ப் பையன், பெண்டிகோ பயனியர்ஸில் ஆடியவர். வெஸ்ட் கோஸ்ட் எடுத்தது. அவர் பெர்த்தில் விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து "இவன் எப்போது வீட்டுக்குத் திரும்புவான்" என்பதுதான் இரண்டு ஊர்ப் பத்திரிகைக்கும் சாப்பாடு. 18 வயதுப் பையனுக்கு அது என்ன சுமை என்று யாரும் கேட்கவில்லை.

2021 முதல் தேர்வு ஜேசன் ஹார்ன்-பிரான்சிஸ் ஒரே ஒரு சீசன் நார்த் மெல்பர்னில் ஆடிவிட்டு, சொந்த ஊர் அடிலெய்டில் இருக்கும் போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். அவருக்கு விழுந்த கூச்சல் இன்னும் ஓயவில்லை. எனக்கென்னவோ அந்தப் பையன் மேல் கோபமே வரவில்லை.

இன்னொன்று. விக்டோரியாவில் 18 வயதுப் பையன்கள் தங்களுக்குள் ஆடுகிறார்கள். இங்கேயும் மேற்கு ஆஸ்திரேலிய லீகான வாஃபில் கோல்ட்ஸ் என்று அதே மாதிரி உண்டு. ஆனால் கொஞ்சம் தேறினால் பெரியவர்கள் ஆட்டத்திலேயே தூக்கிப் போடுவார்கள். ஹார்ன்-பிரான்சிஸ் டிராஃப்டுக்கு முன்பே சவுத் அடிலெய்டின் முதல் அணியில் ஆண்களோடு மோதிக்கொண்டிருந்தார். முப்பது வயதுத் தச்சு வேலைக்காரர் தோளைக் கொடுத்து இடித்தபிறகும் எழுந்து பந்தை எடுக்கிறானா என்று தெரிய அதைவிட நல்ல பரீட்சை இல்லை.

#6 · பழைய_கோலிங்வுட்

வாத்தியின் கணக்கைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஜேம்ஸ் ஹேர்ட் 1990 டிராஃப்டில் 79-ஆவது தேர்வு. 1996-இல் பிரவுன்லோ பதக்கம், அதாவது சீசனின் சிறந்த வீரர் விருது. எங்கள் டேன் ஸ்வான் 2001-இல் 58-ஆவது. பத்து வருடத்தில் அவருக்கும் பிரவுன்லோ. மாட் பிரிடிஸை முதலில் யாரும் எடுக்கவே இல்லை, ரூக்கியாக (முக்கியப் பட்டியலுக்கு வெளியே எடுக்கிற புது ஆளாக) உள்ளே வந்தவர் 2014-இல் பிரவுன்லோ வாங்கினார். டாம் ஸ்டூவர்ட் உள்ளூர் லீகில் ஆடிக்கொண்டிருந்து 23 வயதில்தான் ஜீலாங் 40-ஆவது தேர்வாக எடுத்தது. இன்று அவரைவிட நல்ல தடுப்பாளர் யார் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணவேண்டும்.

மார்லியன் பிக்கெட்டை மறக்கலாமா? சிறையில் இருந்து வந்தவர், சவுத் ஃபிரீமாண்டலில் ஆடியவர். 2019 நடு சீசன் டிராஃப்டில் ரிச்மண்ட் எடுத்தது, வயது 27. அவருடைய முதல் ஏ.எஃப்.எல். ஆட்டமே அந்த வருட இறுதிப் போட்டி. எம்.சி.ஜி.யில் ஒரு லட்சம் பேர் முன்னால்! முதல் ஆட்டமே இறுதிப் போட்டியாக யாருக்கும் அமைந்தது 1952-க்குப் பிறகு அன்றுதான். கோப்பையோடு வீட்டுக்குப் போனார்.

#7 · கணக்கு_வாத்தி

அண்ணா, 35 வருடத்தில் ஐந்து பெயர் சொன்னீர்கள். எனக்கு அது ஆறுதல் இல்லை, அதுதான் என் கணக்கு. 79-ஆவது தேர்வாகப் போய் இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் இல்லை. தப்பித்தவர்களை வைத்துப் பாலத்தின் உறுதியைச் சொல்லக்கூடாது.

முதல் தேர்வாக இருந்தாலும் இதே கதிதான். டாம் பாய்ட் 2013-இல் முதல் தேர்வு. ஒரு வருடத்தில் பெரிய தொகைக்கு வெஸ்டர்ன் புல்டாக்ஸ் வாங்கியது. 2016 இறுதிப் போட்டியில் அவர் தூரத்திலிருந்து அடித்த கோலை இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். 62 வருடம் கழித்துக் கிடைத்த கோப்பை அது. 2019-இல் 23 வயதில் ஓய்வு. மனம் எப்படி ஒடிந்தது என்று அவரே பிறகு வெளிப்படையாகப் பேசினார். அவரைத் தோற்றவர் என்று சொல்வீர்களா, ஜெயித்தவர் என்று சொல்வீர்களா? எனக்குத் தெரியவில்லை. 17 வயதுப் பையனின் அப்பா கேட்கும்போது ஹேர்டைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்கிறேன்.

#8 · பழைய_கோலிங்வுட்

சரி, சரி. வாத்தியிடம் அடி வாங்கிப் பழக்கம்தான்.

ஆனால் ஒரு வீட்டுக் கதை மட்டும் சொல்கிறேன். பீட்டர் டெய்கோஸ், மாசிடோனியக் குடும்பத்துப் பிள்ளை, கோலிங்வுட்டுக்கு 250 ஆட்டம் ஆடியவர். அப்பா ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனை அந்தக் கிளப் முன்னுரிமையில் எடுக்கலாம் என்று விதி. மூத்தவன் ஜோஷ் 2016-இல் 57-ஆவது தேர்வு. இளையவன் நிக் 2021-இல் 4-ஆவது தேர்வு. ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே கொல்லைப்புறம். 2023-இல் இரண்டு பேரும் சேர்ந்து கோப்பை எடுத்தார்கள். அந்த வருடம் எங்கள் கிளப்பின் சிறந்த வீரர் விருது யாருக்குத் தெரியுமா? 57-ஆவது தேர்வுக்கு.

#9 · ராத்திரி_டிரைவர்

அண்ணா, இதைப் படித்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு டெய்கோஸ் பிள்ளைகளின் பிறந்த தேதியைத் தேடினேன். வேலையில் சவாரி இல்லாத நேரம்.

நிக் 2003 ஜனவரி 3. டிராஃப்ட் நடக்கும்போது 19-ஐத் தொடப்போகிறார். ஜோஷ் 1998 நவம்பர் 26. டிராஃப்ட் நடந்தபோது 18 நிறையவே இல்லை, இன்னும் ஒரு நாள் பாக்கி. கிட்டத்தட்ட 11 மாத வித்தியாசம். அந்த வயதில் 11 மாதம் என்றால் தோளும் காலும் எவ்வளவு மாறும்!

என் பையன் டிசம்பர் கடைசி வாரம். அதே வருடம் ஜனவரியில் பிறந்தவனோடு போன சீசன் ஒரு பந்துக்குப் போட்டி போட்டான். அந்தப் பையனுக்கு மீசை. இவனுக்கு இன்னும் பால் முகம். அப்போது இவனுக்குத்தான் திறமை போதவில்லை என்று நினைத்தேன்.

#10 · கணக்கு_வாத்தி

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிக்கை 11 மாதம் தள்ளிப் பிறக்கவைத்தாலும் அவர் 57-ஆவது தேர்வாகப் போயிருக்க மாட்டார். சிலர் வேறு ரகம்.

#11 · பிசியோ_பொண்ணு

நான் ஒரு உள்ளூர் கிளப்பில் பிசியோவாக வாரக் கடைசியில் நிற்கிறேன். பிறந்த மாத விஷயம் சரிதான், நாங்கள் தினமும் பார்ப்பது. 16 வயதில் வளர்ந்து முடித்தவன் எல்லோரையும் தள்ளிவிட்டு ஓடுவான், 19-இல் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் திகைத்து நிற்பான். பின்தங்கி வளர்கிறவன் உடம்பால் ஜெயிக்க முடியாததால் மூளையால் ஆடக் கற்றுக்கொள்வான். இரண்டு காலிலும் உதைப்பான், இடிபடாமல் பந்தை வெளியே கொடுப்பான். ஆள்தேடிகளில் நல்லவர்களுக்கு இது தெரியும். அப்பா அம்மாவின் உயரத்தைக் கேட்பதும் அதனால்தான்.

டிரைவர் அண்ணாவின் மனைவி கண்ணை மூடிக்கொள்வதைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் பேசுகிறேன். தலையில் அடிபட்டால் இன்று உள்ளூர் ஆட்டத்தில் குறைந்தது 21 நாள் வெளியே. ஏ.எஃப்.எல்.லில் குறைந்தது 12 நாள், அங்கே டாக்டர்கள் கூடவே இருப்பதால். "சும்மா தலை சுற்றல்தான், அரை இறுதி ஆடட்டும்" என்று ஒரு அப்பா என்னிடம் சண்டைக்கே வந்தார். பேடி மெக்கார்ட்டின் கதையைச் சொன்னேன். 2014-இல் முதல் தேர்வு. அடுக்கடுக்காகத் தலையில் அடி. கிளப் விட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் ஏ.எஃப்.எல்.லில் இல்லாமல், பிறகு சிட்னியில் தம்பி டாமோடு சேர்ந்து 2022 இறுதிப் போட்டி வரை வந்தார். மறுபடி அடி. 2023-இல் ஓய்வு. மெல்பர்ன் கிளப்பின் ஆங்கஸ் பிரேஷாவும் தலையில் பட்ட அடிகளால், டாக்டர்கள் சொன்னபடி 2024 தொடக்கத்தில் ஆட்டத்தை நிறுத்தினார், அவருக்கு 28 வயது.

ஆடவிடாதீர்கள் என்று சொல்லவில்லை. தலையில் பட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று பையனிடம் இப்போதே பேசிவிடுங்கள். பட்டியல் போடுகிற பிப்ரவரியில்தான் பையன்கள் மறைப்பார்கள்.

#12 · ராத்திரி_டிரைவர்

இதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இந்தப் பொண்ணு ஒருத்திதான் விஷயத்தைப் பேசுறா" என்றாள்.

#13 · புதுசா_வந்தவன்

நம் பிள்ளைகளுக்குத் தனி வழி ஏதோ இருக்கிறதாமே? கிளப் அகாடமி என்று யாரோ சொன்னார்கள்.

#14 · பெர்த்_அக்கா

இருக்கிறது. 2016-இல் ஆரம்பித்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி. பழங்குடிப் பிள்ளைகளுக்கும், ஆசிய, ஆப்பிரிக்கக் குடும்பப் பின்னணி உள்ள பிள்ளைகளுக்கும். ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு வட்டாரம் உண்டு. அந்தப் பையனை வேறு கிளப் எடுக்கக் கூப்பிட்டால், தன் தேர்வுப் புள்ளிகளை (டிராஃப்ட் வரிசையில் ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள மதிப்பு) கொடுத்து வளர்த்த கிளப்பே எடுத்துக்கொள்ளலாம். 2020-இல் முதல் தேர்வான ஜமாரா உகல்-ஹேகனை புல்டாக்ஸ் இப்படித்தான் எடுத்தது. அந்த வருடம் கொரோனாவில் விக்டோரியாவின் 18 வயது லீகே நடக்கவில்லை என்பது வேறு வேடிக்கை. ஒரு வருடம் ஆடாமலேயே முதல் தேர்வு!

மற்ற கிளப்புகள் குய்யோ முறையோ என்று கத்தின. உடனே விதியை மாற்றி, முதல் 20 தேர்வுக்குள் கூப்பிட்டால் வளர்த்த கிளப்புக்கு உரிமை இல்லை என்றார்கள். அதில் அடிபட்டவர் மாக் ஆண்ட்ரூ. தெற்கு சூடான் குடும்பம், டாண்டினோங் ஸ்டிங்ரேஸில் ஆடியவர், மெல்பர்ன் கிளப்பின் அகாடமிப் பிள்ளை. 2021-இல் கோல்டு கோஸ்ட் 5-ஆவது தேர்வாகக் கொண்டுபோய்விட்டது. பிறகு 2024-இல் மறுபடி தளர்த்தினார்கள். அந்த வருடம் ஈராக்கியக் குடும்பத்துப் பையன் ஐசக் காகோவை எசெண்டன் தன் அகாடமியிலிருந்து 13-ஆவது தேர்வில் எடுத்தது. ஒரே மாதிரி இரண்டு பையன்கள். ஒருவன் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறான், ஒருவன் 1,700 கிலோமீட்டர் தள்ளி. வித்தியாசம் பிறந்த வருடம் மட்டும்.

#15 · கணக்கு_வாத்தி

அகாடமியில் சட்டை கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக டிராஃப்ட் ஆகிவிட்டதாக நினைக்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டை எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

தனியார் பள்ளி விஷயத்தையும் சொல்ல வேண்டும். டிராஃப்டில் வாசிக்கப்படும் மெல்பர்ன் பையன்களின் பள்ளிகளைப் பாருங்கள், பெரிய கட்டணப் பள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். அதில் பலர் உதவித்தொகை கொடுத்து இழுத்த பையன்கள்தான். முன்னாள் ஏ.எஃப்.எல். வீரர் பயிற்சியாளர், ஜிம், வீடியோ எல்லாம் பள்ளிக்குள்ளேயே. அரசுப் பள்ளிப் பையனுக்கு அப்பாவின் கார்தான் உதவித்தொகை.

#16 · ராத்திரி_டிரைவர்

அந்தக் காரைப் பற்றிக் கேளுங்கள். மாலை நாலரைக்குப் பள்ளியிலிருந்து கூட்டி, ஆறுக்குப் பயிற்சியில் விட்டு, எட்டு வரை கார் நிறுத்துமிடத்தில் தூங்கி, வீட்டில் இறக்கிவிட்டு ஒன்பதுக்கு வேலைக்குப் போகிறேன். பயிற்சி முடிந்து வந்தால் பேசவே மாட்டான். முன்பு காரில் ஏறினால் வாய் ஓயாது. முதல் வாரம் 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசியிலிருந்து ஆறாவதாம். அவன் சொல்லவில்லை, வேறு ஒரு அப்பா சொன்னார்.

ஒரு மனக்குறை. போன வருடம் ஒரு தனியார் பயிற்சி முகாமுக்கு 900 டாலர் கட்டினேன். "ஆள்தேடிகள் பார்ப்பார்கள்" என்றார்கள். யாரும் வரவில்லை. மூன்று நாள் கூம்புகளைச் சுற்றி ஓடிவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தான். பெயர் சொல்ல விரும்பவில்லை. மற்றவர்கள் ஏமாறாமல் இருந்தால் சரி.

#17 · பழைய_கோலிங்வுட்

ஆள்தேடிகளைக் காசு கொடுத்து வரவழைக்க முடியாது தம்பி. அவர்களே குளிரில் டீ பிளாஸ்கோடு வந்து நிற்பார்கள், நீ வேண்டாம் என்றாலும்.

#18 · பிசியோ_பொண்ணு

ரவல், ஆண்டர்சன் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதிவிடுகிறேன். மாட் ரவலும் நோவா ஆண்டர்சனும் ஒரே பள்ளி, ஒரே ஓக்லி சார்ஜர்ஸ் அணி, சின்ன வயது நண்பர்கள். 2019-இல் ஓக்லி கோப்பை எடுத்தது. நவம்பரில் முதல் தேர்வு ரவல், இரண்டாவது ஆண்டர்சன், இரண்டையும் வாசித்தது கோல்டு கோஸ்ட். அதுவரை ஒரு முறைகூட இறுதிச் சுற்றைத் தொடாத கிளப். மெல்பர்ன்காரர்கள் "பாவம் பையன்கள்" என்றார்கள்.

ரவல் 2020-இல் முதல் சில ஆட்டங்களிலேயே ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தார். ஐந்தாவது சுற்றில் தோள் நழுவியது, அந்த சீசன் முடிந்தது. 2021 முதல் சுற்றிலேயே முழங்கால். அதன் பிறகு இரண்டு வருடம், "முதல் தேர்வு வீணாகிவிட்டதோ" என்ற பேச்சு. தோள் நழுவிய பையன் மறுபடி அதே தோளைக் கொடுத்துப் பந்துக்குள் விழ எவ்வளவு நாளாகும் என்று எங்களுக்குத் தெரியும். எலும்பு ஆறும், பயம் ஆறாது. 2025-இல் ஆண்டர்சன் அந்தக் கிளப்பின் கேப்டன். அந்த வருடம் முதல் முறையாக இறுதிச் சுற்றுக்குப் போய், பெர்த்தில் ஃபிரீமாண்டலை ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். செப்டம்பரில் பிரவுன்லோ ரவலுக்கு.

முதல் தேர்வுக்கே ஆறு வருடம் ஆனது. அதற்காக எழுதினேன்.

#19 · பெர்த்_அக்கா

அந்த ஒரு புள்ளி ஆட்டத்துக்கு நான் மைதானத்தில் இருந்தேன். ஞாபகப்படுத்தாதீர்கள்.

ஒரு விஷயம், இழை முழுக்கப் பையன் பையன் என்றே போகிறது. 2017-இலிருந்து பெண்களுக்கும் ஏ.எஃப்.எல்.டபிள்யூ. இருக்கிறது, 2022-இலிருந்து 18 கிளப்புக்கும் பெண்கள் அணி. என் மகள் 13 வயதில் நெட்பாலை விட்டு இதற்கு வந்தாள். அவளுடைய அணித்தோழிகளில் பாதிப் பேர் வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள். ஆனால் சம்பளம் ஆண்களோடு ஒப்பிட முடியாது, நிறையப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறார்கள். அதனாலோ என்னவோ படிப்பை விடுவதா என்ற கேள்வியே எங்கள் வீட்டில் வரவில்லை.

#20 · நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. அணிச் சண்டை தொடர்பான மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கார்ல்டன் ரசிகர்கள் மன்னிக்கவும்.

#21 · ராத்திரி_டிரைவர் · மார்ச்

பாதியில் விட்டுப் போனதற்கு மன்னிக்கவும். நிறையப் பேர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் பட்டியல் வந்தது. இவன் பெயர் இல்லை. பயிற்சியாளர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார், அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். "இடது கால் நன்றாக இருக்கிறது, உடம்பு இன்னும் வரவில்லை, உள்ளூரில் ஆடு, வருட நடுவில் யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவோம்" என்றாராம். 19 வயதிலும் அதிகப்படி வயதுக்காரனாக அந்த லீகில் ஆட சில இடங்கள் உண்டு என்றும் சொன்னார். வாத்தி, அது எவ்வளவு தூரம் உண்மை?

அன்று காரில் ஒரு மணி நேரம் பேசாமல் வந்தான். சிக்னலில் நிற்கும்போது "2 கிலோமீட்டர் ஏழு நிமிடத்துக்குள் வந்துவிட்டேன்பா" என்றான். அதுவரை அவன் ஓட்ட நேரத்தை எனக்குச் சொன்னதே இல்லை.

#22 · கணக்கு_வாத்தி

அதிகப்படி வயது இடம் உண்மைதான். ஒவ்வொரு அணியும் சில பேரை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த வழியாகப் போனவர்களும் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள், இன்று மட்டும் கணக்குப் போட மாட்டேன்.

ஏழு நிமிடத்துக்குள் என்றால், நவம்பரில் எவ்வளவு?

#23 · ராத்திரி_டிரைவர்

ஏழு நாற்பது.

#24 · பழைய_கோலிங்வுட்

மூன்று மாதத்தில் நாற்பது விநாடியா! இதை முதலிலேயே சொல்வதற்கென்ன.

#25 · ராத்திரி_டிரைவர்

போன சனிக்கிழமை உள்ளூர் கிளப்பின் 19 வயது அணிக்குப் பயிற்சி ஆட்டம். இவன் இடது பக்கம் ஓரத்தில் ஆடினான். மூன்றாவது கால் பகுதியில் எதிரணிப் பையன் பந்தை வைத்துக்கொண்டு விடாமல் சுற்றினான், இவன் பின்னால் ஓடிப் பிடித்துத் தரையில் சாய்த்தான். ஃபுட்டி பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் கூட்டம் முழுக்க "பா...ல்" (பந்தை விடாமல் பிடித்திருந்தான், தப்பு) என்று அம்பயரைப் பார்த்துக் கத்தும். அன்று கூட்டமே முப்பது பேர்தான். அதில் எல்லோருக்கும் முன்னால் கத்தியது என் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த என் மனைவி. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

அம்பயர் ஃபிரீ கிக் கொடுத்தார். இவன் கோலுக்கு உதைத்தது வைடாகப் போய் ஒரு புள்ளிதான் கிடைத்தது.